கடைக்கு லைசென்ஸ் ஒப்பந்தம். தகராறு என்றால் எந்தக் கோர்ட்?

கடைத் தகராறோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சார், ஜெயிச்சிடுவோமா?" என்றுதான். எந்தக் கோர்ட்டில் போடுவது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். மற்ற வழக்குகளுக்கு அது சரி. லைசென்ஸ் எழுதி எடுத்த கடை, மாலில் ஒரு கவுண்டர், குடோனில் ஒரு பகுதி என்று வந்துவிட்டால் அப்படி விட முடியாது. எந்தக் கோர்ட் என்பதே அங்கே பாதி வழக்கு. சிலருக்கு முழு வழக்கும் அதிலேயே கரைந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மாநகராட்சி தரும் தொழில் உரிமத்தைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. கட்டட உரிமையாளர் ஒருவர், இந்த இடத்தில் நீ வியாபாரம் செய்துகொள், மாதம் இவ்வளவு கட்டணம் கொடு என்று எழுதிக்கொடுக்கிறாரே, அந்த லைசென்ஸைப் பற்றிப் பேசுகிறேன்.

வாடகையும் லைசென்ஸும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒருவர் இடம் கொடுக்கிறார், இன்னொருவர் மாதாமாதம் பணம் கொடுக்கிறார், அட்வான்ஸும் உண்டு. சட்டம் இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைத்திருக்கிறது. வாடகை, குத்தகை எல்லாம் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 105. லைசென்ஸ் அதே 1882இல் வந்த ஈஸ்மெண்ட் சட்டம் (பிறர் இடத்தைப் பயன்படுத்தும் உரிமைகள் பற்றியது), பிரிவு 52. இந்த ஈஸ்மெண்ட் சட்டம் முதலில் அமலுக்கு வந்ததே சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய பகுதிகளில்தான். பம்பாய்க்குப் பிறகுதான் போனது. நம் ஊர் நீதிமன்றங்களுக்கு இது மிகப் பழைய சரக்கு.

குத்தகையில் அந்த இடத்தின் மேலேயே ஓர் உரிமை வாடகைதாரருக்கு வந்துவிடுகிறது. லைசென்ஸில் அது வருவதில்லை. அங்கே இருந்து தொழில் செய்தால் அத்துமீறல் ஆகாது என்ற அனுமதி மட்டும் கிடைக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து மற்றதெல்லாம் கிளம்புகிறது. உரிமையாளர் கட்டடத்தை விற்றுவிட்டால் வாடகைதாரர் புது உரிமையாளரிடம் வாடகைதாரராகவே தொடர்வார். லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அந்தப் பிடிப்பு இல்லை. வாங்கியவர் பழைய லைசென்ஸுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்று பிரிவு 59 சொல்கிறது. லைசென்ஸை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் பொதுவாக முடியாது. பிரிவு 60இன்படி, இரண்டு விதிவிலக்குகள் தவிர, உரிமையாளர் நினைத்தால் ரத்து செய்துவிடலாம். அந்த விதிவிலக்குகளில் ஒன்று கடைக்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது: லைசென்ஸை நம்பி, சொந்தச் செலவில் நிரந்தரமான கட்டுமானம் செய்தவரை அப்படி ரத்து செய்து அனுப்பிவிட முடியாது. மரத்தட்டும் பால்ஸ் சீலிங்கும் அந்தக் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை நம்பி வருகிறவர்கள் நிறைய.

ரத்து செய்தாலும் சாமான்களை எடுத்துக்கொண்டு போக நியாயமான அவகாசம் தர வேண்டும், அது பிரிவு 63. பணம் கொடுத்து எடுத்த லைசென்ஸை, அவர் பக்கம் தப்பில்லாமல், காலம் முடியும் முன்பே பிடுங்கினால் நஷ்டஈடு கேட்கலாம், அது பிரிவு 64. லைசென்ஸ்தாரருக்குச் சட்டம் தரும் ஆறுதல் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

உரிமையாளர்களுக்கு லைசென்ஸ் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும். 1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் ஒரு வாடகைதாரரைக் காலி செய்ய வைக்க வேண்டும் என்றால் காரணம் காட்ட வேண்டும். வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தார், எனக்குச் சொந்த உபயோகத்துக்கு வேண்டும், இடித்துக் கட்டப்போகிறேன், இப்படி. அதையும் நிரூபிக்க வேண்டும். அந்தப் பிடியிலிருந்து தப்பிக்கத்தான் பத்திரத்தின் தலைப்பில் லைசென்ஸ் என்று எழுதும் பழக்கம் பரவியது. அந்தச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

இந்தப் பத்திரங்கள் எப்படித் தயாராகின்றன என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். பழைய வாடகைப் பத்திரம் ஒன்றை எடுத்து, வாடகைதாரர் என்ற இடத்தில் எல்லாம் லைசென்ஸி என்றும், வாடகை என்ற இடத்தில் லைசென்ஸ் கட்டணம் என்றும் டைப் அடிப்பவர் மாற்றியிருப்பார். நான்காம் பக்கத்தில் ஓர் இடம் விட்டுப்போயிருக்கும். 'மேற்படி வாடகைதாரர் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வாடகையைச் செலுத்த வேண்டியது' என்று அப்படியே இருக்கும். அந்த ஒரு வரியைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எதிர்த்தரப்பு வக்கீல் நீதிபதியிடம் நீட்டும்போது உரிமையாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதே பத்திரத்தில் உள்வாடகைக்கு விடக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் இருக்கும். வாடகையே இல்லை என்றால் உள்வாடகை எங்கிருந்து வரும்?

உண்மையில் தலைப்பு பெரிய விஷயமே இல்லை. 1959லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் ஆஃப் இந்தியா எதிர் ஆர்.என். கபூர் வழக்கு. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் ஆண்கள், பெண்கள் உடை மாற்றும் அறைகளை ஒருவர் முடிதிருத்தும் தொழில் நடத்த எடுத்திருந்தார். பத்திரம் லைசென்ஸ் மொழியில்தான் எழுதப்பட்டிருந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பு அதைக் குத்தகை என்றது. நீதிபதி சுப்பா ராவ் அதில் வகுத்த அளவுகோல்களை இன்றைக்கும் கோர்ட்டில் சொல்கிறோம். பத்திரத்தின் வடிவத்தைப் பார்க்காதே, சாரத்தைப் பார். இரு தரப்பும் எதை உண்டாக்க நினைத்தார்கள் என்று பார். இடத்தின் மேல் உரிமை போயிருக்கிறதா, பயன்படுத்தும் அனுமதி மட்டும் போயிருக்கிறதா என்று பார். ஒருவருக்கு மட்டுமேயான முழு அனுபவம் இருந்தால் முதல் பார்வைக்கு அது குத்தகை. ஆனால் சூழ்நிலை வேறு விதமாகக் காட்டினால் அந்த முடிவு மாறலாம்.

இந்த அளவுகோல்கள் புத்தகத்தில் எளிதாக இருக்கின்றன. தரையில் எப்படி இருக்கும் என்பதற்கு நான் பார்த்த இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். வணிக வளாகம் ஒன்றின் தரைத்தளம், தெருவைப் பார்த்த ஷட்டர். ஷட்டருக்கு இரண்டு பக்கமும் பூட்டு, இரண்டும் அவர் வாங்கியது, சாவி அவரிடம் மட்டும். கரண்ட் பில் அவரே கட்டுகிறார். எப்போது திறப்பது, எப்போது மூடுவது, யாரை வேலைக்கு வைப்பது எல்லாம் அவர் இஷ்டம். பதினோரு மாதப் பத்திரம், அதைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பல வருடம் ஓடிவிட்டது. பத்திரத்தின் தலைப்பு, லீவ் அண்ட் லைசென்ஸ். "சார், பேப்பர்ல என்ன வேணா எழுதியிருக்கட்டும், நான் குடுக்கறது வாடகைதானே?" என்றார். அவர் சொன்னதுதான் சட்டமும்.

இன்னொருவர் ஒரு பெண்மணி. மாலில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் தளத்தில் ஜூஸ் கவுண்டர் நடத்தினார். காலையில் மால் திறந்தால்தான் உள்ளே போக முடியும், அதுவும் மால் கொடுத்த அடையாள அட்டையோடு. இரவு அவர்கள் விளக்கை அணைத்தால் கிளம்ப வேண்டும். வாடிக்கையாளர் பணம்கூட மாலின் பொதுக் கல்லாவுக்குப் போய், கழிவு பிடித்துக்கொண்டு இவருக்கு வரும். நிர்வாகம் சொன்னால் கவுண்டரை வேறு மூலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனை. எஸ்கலேட்டர் பக்கத்திலிருந்து கழிப்பறைப் பக்கத்துக்கு மாற்றியும் விட்டார்கள். இவருடைய பத்திரத்தையும் செல்போன் கடைக்காரர் பத்திரத்தையும் அடுத்தடுத்து வைத்தால் முதல் இரண்டு பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இவர் லைசென்ஸ்தாரர், அவர் வாடகைதாரர். போக வேண்டிய கோர்ட்டும் வேறு வேறு.

செல்போன் கடைக்காரரின் உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்தச் சட்டம் தொடர்பான விஷயத்தில் சிவில் கோர்ட் தலையிட முடியாது என்று அதன் 40ஆம் பிரிவு அடைத்துவிடுகிறது. ஜூஸ் கவுண்டர் விஷயத்தில் வாடகை உறவே இல்லை. எனவே வழக்கமான சிவில் வழக்கு. லைசென்ஸ் ரத்தானதும் தாமதிக்காமல் வந்தால், காலி செய்யச் சொல்லிச் செயலுறுத்துக் கட்டளையே கேட்கலாம், தனியாகச் சுவாதீன வழக்கு, அதாவது இடத்தைத் திரும்பக் கையில் பெறும் வழக்கு போடு என்று விரட்ட வேண்டியதில்லை என்று சந்த் லால் ஜெயின் எதிர் அவதார் சிங் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, இதில் என்ன சிக்கல் என்று கேட்கலாம். வாடகை என்றால் இங்கே, லைசென்ஸ் என்றால் அங்கே, முடிந்தது அல்லவா? சிக்கலே அங்குதான். இது வாடகையா லைசென்ஸா என்பதுதான் வழக்கின் மையக் கேள்வி. சாட்சி விசாரித்து, பத்திரம் பார்த்து, வாதம் கேட்டு, கடைசியில் நீதிபதி சொல்ல வேண்டிய விடை அது. அந்த விடையை வழக்கு போடும் நாளிலேயே தெரிந்துவைத்துக்கொண்டு சரியான கோர்ட்டுக்கு வா என்கிறது சட்டம்.

உரிமையாளர் சிவில் கோர்ட்டுக்குப் போய் இவர் லைசென்ஸி என்கிறார். கடைக்காரர், நான் வாடகைதாரர், இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை என்று பதில் உரை போடுகிறார். ஆரம்பக் கட்டத்தில் கோர்ட் பிராதில், அதாவது வழக்கு போடுபவர் தாக்கல் செய்யும் மனுவில், எழுதியிருப்பதை மட்டும்தான் பார்க்கும். பிராதில் லைசென்ஸ் என்று இருப்பதால் வழக்கு நம்பராகி ஓடுகிறது. பிரச்சினைகள் (கோர்ட் விடை சொல்ல வேண்டிய கேள்விகள்) வகுத்து, சாட்சி ஏறி, வாய்தா மேல் வாய்தா. கடைசியில், இது குத்தகைதான், வாடகை நீதிமன்றத்துக்குப் போ என்று தீர்ப்பு வரலாம். அப்புறம் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்துக்குப் போனால், அதே கடைக்காரர் அங்கே பத்திரத்தைக் காட்டி, உங்கள் கையெழுத்துப்படி நான் லைசென்ஸிதானே என்று கேட்கிறார். ஒரே ஆள் இரண்டு கோர்ட்டில் இரண்டு நாக்கில் பேசுவதை நீதிபதிகள் விரும்புவதில்லை, கண்டிக்கவும் செய்கிறார்கள். ஆனாலும் வருடங்கள் போனது போனதுதான்.

கடைக்காரருக்கு இது லாபம் என்று நினைக்க வேண்டாம். அவர் வழக்கு போட வேண்டிய நிலையில் இருந்தால் இதே சுழல் அவரைத்தான் விழுங்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு ஷட்டருக்கு மேல் இன்னொரு பூட்டு விழுகிறது. உள்ளே வாடிக்கையாளர்களின் செல்போன்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். எந்தக் கோர்ட்டுக்கு என்று அவர்கள் சொல்வதில்லை. வாடகைதாரர் என்றால் சுவாதீனத்தைத் திரும்பக் கேட்க 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம், பிரிவு 6 இருக்கிறது. வெளியேற்றப்பட்ட ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். லைசென்ஸி என்றால் சட்டப்படியான சுவாதீனம் உரிமையாளரிடமே இருப்பதாகக் கொள்வதால் பெரும்பாலும் நஷ்டஈட்டோடு நின்றுவிடுகிறது. அந்த ஆறு மாதத்தைத் தவறான கோர்ட்டில் கழித்தவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

கோர்ட் தவறு என்பதிலும் இரண்டு வகை உண்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வேறு ஊர்க் கோர்ட்டில் போட்டுவிட்டார்கள், அல்லது வழக்கின் மதிப்புக்கு உரிய கோர்ட் இது இல்லை என்றால், எதிர்த்தரப்பு ஆரம்பத்திலேயே ஆட்சேபிக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டு அப்பீலில் எழுப்ப முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. விஷயத்தின் மீதே அதிகாரம் இல்லாத கோர்ட் என்றால் கதை வேறு. இரு தரப்பும் கைகோத்து ஒப்புக்கொண்டாலும் அதிகாரம் வராது, தீர்ப்பே செல்லாது. எந்தக் கட்டத்திலும், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனுவில்கூட அதை எழுப்பலாம். கிரண் சிங் எதிர் சமன் பாஸ்வான் வழக்கில் 1954இல் சொன்னது இது. வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதைச் சிவில் கோர்ட்டில் நடத்துவது இந்த இரண்டாவது வகை. அதனால்தான் இவ்வளவு பயப்படுகிறேன்.

இடம் சார்ந்த அதிகாரமும் சும்மா விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை. பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், எல்லாத் தகராறும் இன்ன நகரத்து நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டது என்று ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை. கடை கோயம்புத்தூரில் இருக்கும், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருக்கும். சுவாதீனம் பற்றிய வழக்கு என்றால் அந்த வரி உதவாது. அசையாச் சொத்து எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழக்கு, அதே உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 16. ஹர்ஷத் சிமன்லால் மோடி எதிர் டி.எல்.எஃப். யுனிவர்சல் வழக்கைப் பாருங்கள். மனை குர்கானில். ஒப்பந்தத்தில் டெல்லி கோர்ட் என்று எழுதியிருந்தது. 1988இல் டெல்லியில் வழக்கு போட்டார்கள். எதிர்த்தரப்பும் முதலில் அதிகார வரம்பை ஒப்புக்கொண்டிருந்தது. டெல்லி கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது 2005இல். சொத்து யாருக்கு என்ற கேள்வி அதுவரை தொடப்படவே இல்லை.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பது மட்டும் என்றால் வேறு கணக்கு. அது பணவழக்கு. அங்கே அந்தக் கடைசிப் பக்க வரிக்கு உயிர் உண்டு, குறிப்பிட்ட ஊர்க் கோர்ட்டுக்கு இயல்பாகவே அதிகாரம் இருந்தால். இதற்கு நம் சேலத்திலிருந்தே ஒரு வழக்கு போனது. ஏ.பி.சி. லேமினார்ட் எதிர் ஏ.பி. ஏஜென்சீஸ், 1989. ஒப்பந்தத்தில் குஜராத்தின் கைரா என்று இருந்தது, வழக்கு சேலத்தில். 'மட்டும்' போன்ற விலக்கும் சொல் இல்லாததால் சேலம் கோர்ட்டும் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் 'மட்டும்' என்ற சொல் இல்லாவிட்டாலும் நோக்கம் தெளிவாக இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. ஆகவே அந்த வரியை இப்போது லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

சிவில் கோர்ட் என்று முடிவானாலும் இன்னொரு திருப்பம் இருக்கிறது. 2015இல் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தது. வியாபாரத்துக்கென்றே பயன்படும் அசையாச் சொத்து பற்றிய ஒப்பந்தத் தகராறு வணிகத் தகராறு ஆகும் என்கிறது. ஆரம்பத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வழக்குகளுக்கு மட்டும் இருந்தது. 2018இல் அது 3 லட்சமாகக் குறைந்தது. சொத்து சம்பந்தமான நிவாரணம் என்றால் அந்தச் சொத்தின் சந்தை மதிப்பைப் பார்க்க வேண்டும். தியாகராய நகரில் நூறு சதுர அடி கடைகூட 3 லட்சத்துக்குள் அடங்காது. கடை லைசென்ஸ் வழக்குகளில் பெரும்பகுதி இந்த வலைக்குள் வந்துவிடும்.

'பயன்படும்' என்பதற்கு அம்பாலால் சாராபாய் எதிர் கே.எஸ். இன்ஃப்ராஸ்பேஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் கறாராகப் பொருள் சொன்னது. ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்க வேண்டும். பின்னால் பயன்படுத்தப்போகிறோம் என்பது போதாது. அதன்படி பார்த்தால், கட்டி முடிக்காத மாலில் கவுண்டருக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு ஏமாந்தவருக்கு வணிக நீதிமன்றம் இல்லை, சாதாரண சிவில் கோர்ட்தான். கீழே கடை, மேலே வீடு என்று ஒரே பத்திரத்தில் எடுத்தவருக்கு, வியாபாரத்துக்கு மட்டுமே என்ற நிபந்தனை இடிக்கும். வாடகை நீதிமன்றத்துக்கு உரிய விஷயத்தை வணிக நீதிமன்றத்துக்கும் கொண்டுபோக முடியாது. சட்டம் சிவில் கோர்ட்டைத் தடுத்த இடத்தில் வணிக நீதிமன்றமும் நுழையக் கூடாது என்று அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது.

வணிக நீதிமன்றத்தில் எனக்குப் பிடித்த ஒன்று, வழக்குக்கு முந்தைய சமரசம். பிரிவு 12-ஏ. அவசர இடைக்கால உத்தரவு வேண்டாத வழக்கு என்றால் சமரச முயற்சி கட்டாயம், இல்லாவிட்டால் பிராது தள்ளுபடி என்று பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் 2022இல் முடிவானது. அட்வான்ஸ் பாக்கி, பெயின்ட் செலவு பிடித்தம் போன்ற தகராறுகளுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் அபிப்பிராயம். பிடிக்காத ஒன்றும் இருக்கிறது. பதில் உரைக்கு 120 நாள் தாண்டினால் கதவு மூடிவிடும். சம்மன் வாங்கிய கடைக்காரர், ஊர்க் கோர்ட்டில் எல்லாரும் வாய்தா வாங்குகிறார்களே என்று மெத்தனமாக இருந்தால், தன் பக்கத்தைச் சொல்லும் வாய்ப்பையே இழந்துவிடுகிறார்.

அரசு இடம் என்றால் இவை எதுவுமே இல்லை. ரயில்வே, துறைமுகம், மத்திய அரசு நிறுவனக் கட்டடம் என்றால் 1971ஆம் ஆண்டின் பொது வளாகச் சட்டம், எஸ்டேட் அலுவலர், அவருக்கு மேல் மாவட்ட நீதிபதியிடம் அப்பீல். அசோகா மார்க்கெட்டிங் வழக்கு 1990இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கும் மேல் இதை வைத்துவிட்டது. கோயில் கடைகளுக்கு 1959ஆம் ஆண்டின் அறநிலையத் துறைச் சட்டம். லைசென்ஸ் காலம் முடிந்தும் இருப்பவரை அதன் 78ஆம் பிரிவு ஆக்கிரமிப்பாளர் என்றே பார்க்கிறது. மாட வீதியில் தலைமுறையாகப் பூக்கடை வைத்திருப்பவருக்கு நோட்டீஸில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது எப்படி வலிக்கும்! அவர்கள் ஓடிப்போய் முன்சீப் கோர்ட்டில் தடை கேட்டால், 108ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

நடுவர் தீர்ப்பாயம், அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் ஒப்பந்தப்படி ஒரு நடுவரிடம் தீர்த்துக்கொள்வது பற்றியும் கேட்கிறார்கள். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் கீழ் மட்டும் வரும் வாடகைத் தகராறுகளை நடுவரிடம் கொண்டுபோகலாம், தனி வாடகைச் சட்டமும் தனி நீதிமன்றமும் இருந்தால் முடியாது என்று வித்யா துரோலியா வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. லைசென்ஸ் பத்திரத்தில் நடுவர் ஷரத்து இருந்தால் அதைக் கோர்ட்டில் முதல் பதில் போடும் முன்பே எழுப்பிவிட வேண்டும். இங்கேயும் பாருங்கள், வாடகையா லைசென்ஸா என்ற அதே கேள்விதான் வாசலில் நிற்கிறது.

இதற்கு வழியே இல்லையா என்றால், மும்பை ஒரு வழி கண்டிருக்கிறது. 1882ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர ஸ்மால் காஸ் கோர்ட் (சிறுவழக்கு நீதிமன்றம்) சட்டத்தின் 41ஆம் பிரிவை மகாராஷ்டிரம் 1976இல் திருத்தி, வாடகை உறவோ லைசென்ஸ் உறவோ, இடத்தைத் திரும்பப் பெறுவதும் கட்டணம் வசூலிப்பதும் சம்பந்தமான வழக்குகளை ஸ்மால் காஸ் கோர்ட் ஒன்றின் கீழேயே கொண்டுவந்தது. வாடகை என்றாலும் அங்கே, லைசென்ஸ் என்றாலும் அங்கே. அந்தப் பிரிவின் எல்லை எதுவரை என்று அங்கும் சண்டை நடந்தது. இடத்தைத் திரும்பப் பெறுவது 'தொடர்பான' என்பதற்கு விரிந்த பொருள் கொள்ள வேண்டும் என்று 1995இல் மன்சுக்லால் ஜெயின் வழக்கு சொன்னது. கட்டணம் இல்லாத லைசென்ஸும் அதில் அடக்கம் என்று 2013இல் பிரபுதாஸ் கோடேச்சா வழக்கு சொன்னது. அந்த வழக்குகளும் வருடக்கணக்கில் இழுத்தவைதான். ஆனாலும் நம் ஊர்ச் சுழலின் மையம், அதாவது விடை தெரிந்தால்தான் வாசல் தெரியும் என்ற கொடுமை, அங்கே பெருமளவு இல்லை.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் எழுதியபோது இதைச் செய்திருக்கலாம். இப்போதும் செய்யலாம். தனியார் வணிகக் கட்டடங்களில் லைசென்ஸ் தகராறையும் வாடகை நீதிமன்றத்தின் வரம்புக்குள் கொண்டுவந்து, இது எது என்பதை அந்த நீதிமன்றமே முடிவு செய்யட்டும் என்று ஒரு பிரிவு சேர்த்தால் போதும். லைசென்ஸ்தாரருக்கு வாடகைதாரரின் பாதுகாப்பைக் கொடு என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வாசலைக் கொடு என்கிறேன். இதனால் நஷ்டப்படுகிறவர், தாமதத்தை வைத்தே பிழைக்கிறவர் மட்டும்தான்.

அது வரும்வரை நாம் செய்யக்கூடியது, நோட்டீஸ் அனுப்பும் முன்பே இதை முடிவு செய்துகொள்வது. நான் பத்திரத்தைக் கடைசியில்தான் படிக்கிறேன். முதலில் சாவி யாரிடம், கரண்ட் பில் யார் பெயரில், ரசீதில் வாடகை என்று இருக்கிறதா கட்டணம் என்று இருக்கிறதா, ஜி.எஸ்.டி. பதிவில் அந்த முகவரி எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது, உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு உள்ளே வர முடியுமா, இடத்தை மாற்றச் சொல்ல முடியுமா என்று கேட்கிறேன். ஷட்டரையும் பூட்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறேன், தேதியோடு. வாட்ஸ்அப்பில் "இந்த மாச வாடகை போட்டுட்டீங்களா" என்று உரிமையாளர் கேட்ட ஒரு வரி, முத்திரைத் தாளில் அடித்த பத்துப் பக்கத்தைவிட உதவிய வழக்குகள் இருக்கின்றன. எதிர்த்தரப்பு அதிகார வரம்பை எழுப்பினால், அதை முதல் பிரச்சினையாக எடுத்து முடிவு செய்யுங்கள் என்று நாமே கேட்டுவிட வேண்டும். சாட்சி வேண்டும் என்பதால் எல்லா வழக்கிலும் அது நடக்காது. கேட்டுவைத்தால் பிறகு தாமதம் நம் தலையில் விழாது.

தவறான கோர்ட் என்று தெரிந்துவிட்டால் பிடிவாதம் வேண்டாம். பிராதைத் திருப்பி வாங்கி வேறு கோர்ட்டில் போட்டால் விசாரணை முதலிலிருந்துதான் தொடங்கும் என்று 2020இல் இ.எக்ஸ்.எல். கேரியர்ஸ் எதிர் ஃப்ராங்க்ஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே எவ்வளவு சீக்கிரம் வாங்குகிறோமோ அவ்வளவு குறைவாக இழக்கிறோம். நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் தவறான கோர்ட்டில் நடத்திய காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி கழித்துக்கொள்ளலாம். அந்த அக்கறையை நிரூபிக்க வாய்தாத் தேதிகள் குறித்த டைரியைப் பத்திரமாக வையுங்கள். திருப்பித் தரப்போகிறோம் என்று கோர்ட் சொல்லும் நாளிலேயே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7, விதி 10-ஏ கீழ் ஒரு மனு போடச் சொல்லுங்கள். எந்தக் கோர்ட்டில் போடப்போகிறோம் என்று அதில் எழுதினால், அங்கே ஆஜராகும் தேதியை இந்தக் கோர்ட்டே குறித்து இரு தரப்புக்கும் சொல்லிவிடும். புதிதாகச் சம்மன் அனுப்பி, வீடு பூட்டியிருக்கிறது என்று அது திரும்பி வந்து, மறுபடி அனுப்பும் மாதங்கள் மிச்சம். ஒன்றை மட்டும் யோசித்து முடிவெடுங்கள்: அந்த மனு அனுமதிக்கப்பட்டால், பிராதைத் திருப்பிய உத்தரவை எதிர்த்து அப்பீல் போக முடியாது.